சின்ன வெங்காயமும் ரத்தக் குழாயும்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு நடை போனால் சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, கொய்யா எல்லாம் வாங்கிவிடலாம். ஆடி பிறந்தால் நாவல்பழமும் கிடைக்கும். இவை எல்லாவற்றிலும் ஃபிளேவனாய்டுகள் உண்டு. வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் தற்காத்துக்கொள்ளத் தாவரங்கள் உண்டாக்கும் வேதிப்பொருள்கள் இவை. நாவல்பழம் தின்றபின் நாக்கில் ஒட்டும் ஊதா நிறமும் ஆந்தோசயனின் என்ற ஃபிளேவனாய்டுதான்.

இவற்றுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு 1993-இல் பெரிதாகப் பேசப்பட்டது. நெதர்லாந்தின் ஸுட்ஃபென் நகரில் 65 முதல் 84 வயது வரையுள்ள 805 ஆண்களை ஆய்வாளர்கள் ஐந்தாண்டு கவனித்தார்கள். ஃபிளேவனாய்டு கூடுதலாக உண்டவர்களிடம் இதயத் தமனி நோயால் நேர்ந்த மரணம் குறைவு. அவர்களுக்கு அது பெரும்பாலும் தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாகவே கிடைத்திருந்தது.

காரணம் ரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கிறது. அங்கே ஒற்றை அடுக்காகப் படர்ந்துள்ள செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிட்டுக் குழாயைத் தளர்த்துகின்றன. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை நோயும் புகையும் உயர் ரத்த அழுத்தமும் இந்தச் செல்களைக் கெடுக்கும்போது குழாய் விறைத்துப்போகிறது. கோகோ, தேநீர் போன்றவற்றின் ஃபிளேவனாய்டுகள் நைட்ரிக் ஆக்சைடு கிடைப்பதைக் கூட்டுகின்றன. உட்கொண்ட சில மணி நேரத்திலேயே கைத்தமனி கூடுதலாக விரிவதை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடிகிறது.

அப்படியானால் மாத்திரையாக விழுங்கிவிடலாமே? அமெரிக்காவில் 21,442 முதியவர்களிடம் அதைச் சோதித்தார்கள். ஒரு பாதியினருக்குத் தினமும் 500 மில்லிகிராம் ஃபிளேவனால் என்ற கோகோ ஃபிளேவனாய்டு, மறுபாதியினருக்கு வெற்று மாத்திரை. 2022-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகள் மொத்தத்தில் 10 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். இதய, ரத்தநாள நோய் மரணம் மட்டும் 27 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் சேதிதான். ஆனாலும் இதை வைத்து மாதாமாதம் கேப்சூலுக்குப் பணம் கொட்டுவது வீண் என்றே சொல்வேன்.

நம் ஊர்க் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ மக்கள்தொகை ஆய்விலிருந்து 983 பேரின் உணவை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வந்தது. காய்கறி, பழம் அதிகம் உண்டவர்களுக்கு ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைவு. க்யூர்ஸ் கணக்கில் சராசரியாக உண்ட அளவோ நாளுக்கு 265 கிராம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது 400 கிராம். நம் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஓரமாகவும் இருக்கும்வரை எந்த மாத்திரையும் அந்தக் குறையை நிரப்பாது.

சமையலிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டு வெளி அடுக்குகளில்தான் செறிந்திருக்கிறது. சருகோடு சேர்த்து இரண்டு அடுக்கை உரித்து எறியாதீர்கள். வேகவைத்தால் குவெர்செட்டினில் ஒரு பகுதி நீரில் இறங்கும். சாம்பாரில் அந்த நீரையும் சேர்த்தே உண்கிறோம் என்பது நமக்கு வாய்த்த நல்ல வழக்கம். கீரை வெந்த நீரையும் கொட்ட வேண்டாம், ரசத்தில் ஊற்றுங்கள்.

பால் கலந்தால் தேநீரின் பலன் போய்விடும் என்று 2007-இல் பெர்லின் ஆய்வு ஒன்று சொன்னது. அதில் பங்கேற்றவர்கள் 16 பெண்கள் மட்டுமே. வேறு ஆய்வுகளில், பால் சேர்த்தாலும் தேநீரின் கேட்டச்சின் என்ற ஃபிளேவனாய்டுகள் ரத்தத்தில் சேர்ந்தன. எனவே பாலைவிடச் சர்க்கரையைக் குறைப்பதே முக்கியம்.

ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும், கீரை சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.