மலைச்சரிவில் டிராக்டர்

புனே நகருக்குக் கிழக்கே தௌண்டு, பாராமதி வரை பரந்து கிடப்பது சமவெளி. மேற்கே மாவள், முல்ஷி, போர் தாலுகாக்களிலோ சஹ்யாத்ரி மலைச்சரிவுகளில் நெல் வயல்கள் படிப்படியாக அமைந்துள்ளன. சமவெளியில் சாதுவாக உழைக்கும் டிராக்டர், இச்சரிவுகளில் ஏறியதும் வேறொரு பொறியாக மாறிவிடுகிறது.

ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக வரையப்படும் கோடு, சக்கரங்கள் அடைக்கும் எல்லைக்குள் விழும்வரை எவ்வண்டியும் கவிழ்வதில்லை. பின்சக்கரங்களின் இடைவெளி 140 சென்டிமீட்டர், மையத்தின் உயரம் 75 சென்டிமீட்டர் எனக் கொண்டால், பக்கவாட்டில் சுமார் 43 பாகை வரை சாயலாம் என்று கணக்குக் கூறும். இக்கணக்கை நம்பிச் சரிவில் இறங்குவது பேதைமை. முன்னச்சு நடுவில் ஒரே முளையில் ஊசலாடுவதால், டிராக்டரின் உண்மையான தாங்கு பரப்பு நாற்கோணமன்று, முக்கோணமேயாகும். மேற்புறச் சக்கரம் ஒரு கல்லின்மீது ஏறினாலோ, கீழ்ப்புறச் சக்கரம் குழியில் இறங்கினாலோ சாய்வு மேலும் கூடுகிறது. திருப்பத்தில் வேகம் இருமடங்காயின் வெளித்தள்ளும் விசை நான்கு மடங்காகும். வரப்பின் விளிம்பு மழையில் ஊறி நெகிழ்ந்திருக்குமாதலால், கீழ்ப்படி எத்துணை ஆழமோ அத்துணை தூரமேனும் விலகி ஓட்டுதல் நன்று.

பக்கவாட்டில் கவிழ்வதைவிடக் கொடியது பின்புறமாகக் கவிழ்தல். பின்சக்கரங்கள் சேற்றில் புதைந்து சுழல மறுக்குங்கால், எஞ்சினின் முறுக்கு விசை சக்கரத்தைச் சுழற்ற இயலாமல் வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. இழுக்கும் சங்கிலியைப் பின்னச்சிற்கு மேலே கட்டியிருந்தால் இவ்விபத்து எளிதில் நேரும். முன்பகுதி எழுவது தொடங்கி ஓட்டுநர்மீது பொறி விழுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடியே ஆகும். கால் கிளட்சைத் தேடுமுன் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே, இழுவைச் சங்கிலியைத் தாழ்ந்த கொக்கியிலேயே மாட்டவேண்டும். செங்குத்தான மேட்டில் பின்னோக்கி ஏறி, முன்னோக்கி இறங்கவேண்டும்.

கரும்பு ஏற்றிய டிராலிகள் இரண்டை ஒரே டிராக்டர் இழுத்துச் செல்வது இம்மாவட்டத்தில் அன்றாடக் காட்சி. திவே காட் போன்ற மலைப்பாதையில் இறங்கும்பொழுது, பிரேக் இல்லாத டிராலி டிராக்டரைப் பின்னின்று தள்ளும். இறக்கம் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியரைத் தேர்ந்துகொள்ளவேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது உயிரை விலைகூறுவதாகும். வயலில் குறுகத் திரும்புவதற்கெனத் தனித்தனியே இயங்கும் இடது, வலது பிரேக் மிதிகளைச் சாலையில் தாழிட்டு இணைத்தல் இன்றியமையாதது.

சுவீடன் நாடு 1959ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. கவிழ்ந்து இறப்போர் தொகை அங்குப் பெரிதும் குறைந்தது. வலிய எஃகுச் சட்டம், இருக்கைப் பட்டை ஆகிய இரண்டும் சேர்ந்தே பயன் தரும். சட்டமில்லாத டிராக்டரில் பட்டை அணிவது ஓட்டுநரைப் பொறியோடு பிணைத்துவிடும். கடைத்தெருவில் பொருத்தித் தரும் மெல்லிய தகட்டுக் கூரையைக் காப்புச் சட்டமெனக் கருதுவோர் பலர். அது வெயிலுக்கே நிழல் தரும்.