சுற்றுகள் கூடினால் காந்தம் வலுக்குமா?

இரும்பு ஆணியின் மேல் காப்பிட்ட செம்புக் கம்பியைச் சுற்றி, அதன் முனைகளை மின்கலத்துடன் இணைத்தால், ஆணி குண்டூசிகளை ஈர்க்கும் காந்தமாகிறது. சுற்றுகளை அதிகமாக்கினால் காந்தம் வலுக்கும் என்றும் படித்திருக்கிறோம். அது முழு உண்மைதானா? தோழியரே, சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மின்காந்தத்தின் வலிமை, சுற்றுகளின் எண்ணிக்கையையும் அதில் பாயும் ஆம்பியரையும் பெருக்கினால் வரும் எண்ணைப் பொறுத்தது. இதனை ‘ஆம்பியர் சுற்று’ என்பர். 100 சுற்றுகள் கொண்ட காயிலின் மின்தடை 1 ஓம் எனக் கொள்வோம். 1.5 வோல்ட் கொடுத்தால் ஓம் விதிப்படி 1.5 ஆம்பியர் பாயும். ஆம்பியர் சுற்று 150. அதே கம்பியில் 200 சுற்றுகள் சுற்றினால் கம்பியின் நீளம் இரு மடங்காகித் தடையும் 2 ஓம் ஆகிறது. மின்னோட்டம் 0.75 ஆம்பியராகக் குறைகிறது. பெருக்கினால் மீண்டும் அதே 150!

அப்படியானால் கூடுதல் சுற்றுகள் வீணா? இல்லை. செலவாகும் திறன் 2.25 வாட்டிலிருந்து 1.125 வாட்டாகக் குறைகிறது. காயிலின் சூடு தணியும். மின்கலம் நீண்ட நேரம் உழைக்கும். மேலும், மின்கலத்துக்கு உள்ளேயும் தடை உண்டு. அது 0.5 ஓம் என்றால், 100 சுற்றில் 100 ஆம்பியர் சுற்றும், 200 சுற்றில் 120-உம், 400 சுற்றில் 133-உம் கிடைக்கும். எவ்வளவு சுற்றினாலும் 150-ஐ எட்டாது. அதைத் தாண்டத் தடித்த கம்பியோ, கூடுதல் வோல்ட்டோ வேண்டும். கம்பியின் விட்டம் இரு மடங்கானால் தடை நான்கில் ஒரு பங்காகிவிடும்.

1825-இல் இங்கிலாந்தின் ஸ்டர்ஜன் அமைத்த மின்காந்தம் சுமார் 4 கிலோ எடையைத் தூக்கியது. அமெரிக்கப் பள்ளி ஆசிரியராயிருந்த ஜோசப் ஹென்றி, கம்பிக்குக் காப்பிட்டு நெருக்கமாகச் சுற்றினார். ஒற்றை மின்கலத்துக்குப் பல குட்டைக் காயில்களைப் பக்க இணைப்பிலும், தொடராக இணைத்த பல மின்கலங்களுக்கு ஒரே நீண்ட காயிலையும் பயன்படுத்த வேண்டும் எனக் கண்டறிந்தார். 1831-இல் அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கும் அதிகமாகத் தூக்கியது.

முந்திரியும் நிலக்கடலையும் விளையும் நம் செந்துறைப் பகுதியிலும் இந்த அறிவு பயன்படுகிறது. பம்புசெட் ஸ்டார்ட்டருக்குள் ‘நோ வோல்ட் காயில்’ என்னும் மின்காந்தம் உள்ளது. மின்சாரம் இருக்கும்வரை அது இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், நின்றதும் விட்டுவிடும். அதனால் மின்சாரம் திரும்பும்போது, சாதாரண ஸ்டார்ட்டரில் மோட்டார் தானாக ஓடாது. பழுது பார்க்கக் கை வைத்திருப்பவரின் உயிரை அது காக்கிறது.

இந்தக் காயில் எரிந்துபோனால், காயில் கட்டுபவர் பழைய கம்பியின் சுற்றுகளை எண்ணி, கேஜையும் அளந்த பிறகே புதிதாகச் சுற்றுவார். மாறுதிசை மின்சாரத்தில் தடையுடன் காயிலின் தூண்டலும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுற்றுகள் குறைந்தால் மின்னோட்டம் மிகுந்து காயில் கருகும். மிக அதிகமானால் பிடிப்புத் தளரும். மெல்லிய கம்பியோ விரைவில் சூடேறும்.

ஆகவே, கம்பியின் பருமன், சுற்றுகளின் எண்ணிக்கை, வோல்ட் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் காந்தம் நன்கு உழைக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற முதுமொழி செம்புக் கம்பிக்கும் பொருந்துகிறதன்றோ!