விமானி ஆகும் கனவு கைகூடாவிட்டால்...



ப்ளஸ் டூ தேர்வு முடிவு வரும் நேரத்தில் நம் பிள்ளைகளில் சிலர் "நான் பைலட் ஆக வேண்டும்" என்று சொல்வதுண்டு. நல்ல ஆசைதான். ஆனால் இந்த ஒரு ஆசைக்காக நிலத்தை விற்ற குடும்பங்களும் உண்டு. முடியாது என்று தெரிந்த பிறகும் அதை விட மனமில்லாமல் வேறு எதிலும் சேராமல் ஆண்டுகளைக் கழித்த பிள்ளைகளும் உண்டு. எவ்வளவு தூரம் முயல்வது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசுவதற்கு உதவியாக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

என்னென்ன தேவை?

பயணிகள் விமானம் ஓட்டுவதற்கு முதலில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வேண்டும். அதை வழங்குவது மத்திய அரசின் டி.ஜி.சி.ஏ. அமைப்பு. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. வானிலை, விமான விதிகள், வழி அறிதல் போன்ற பாடங்களில் தேர்வு எழுதித் தேற வேண்டும். 200 மணி நேரம் விமானம் ஓட்டிய அனுபவமும் வேண்டும்.

செலவைக் கூட்டுவது அந்த 200 மணி நேரம்தான். பயிற்சிக் கட்டணம், தங்குமிடம், தேர்வுகள் எல்லாம் சேர்த்தால் இன்று ஏறத்தாழ அரைக் கோடி ரூபாயும் அதற்கு மேலும் ஆகிறது. லைசென்ஸ் வாங்கியவுடன் வேலை தயாராக இருக்காது. ஏர்பஸ், போயிங் போன்ற பெரிய விமானத்தை ஓட்ட, அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி பெற வேண்டும். அதற்கும் பல லட்சம் ஆகும். விமானத் தொழிலில் ஏற்ற இறக்கமும் அதிகம். 2012இல் கிங்ஃபிஷரும் 2019இல் ஜெட் ஏர்வேஸும் பறப்பதை நிறுத்தியபோது, அனுபவமுள்ள விமானிகளே வேலை தேடி அலைந்தார்கள்.

சிறுபான்மையினருக்கான டாம்கோ கல்விக் கடன் இருக்கிறது. ஆனால் அதன் உச்சவரம்பு விமானிப் பயிற்சியின் முழுச் செலவுக்கும் எட்டாது. மீதிக்கு வீட்டை அடமானம் வைத்து வட்டிக்கு வாங்குவது என்றால், பணக் கவலையோடு மார்க்கக் கவலையும் சேர்ந்துகொள்கிறது. கையெழுத்துப் போடும் முன் ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஒன்பதாவதாக வந்தவர்

விமானி ஆக முடியாமல் போனவர்களில் நம் எல்லோருக்கும் தெரிந்தவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். ராமேஸ்வரத்தில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். சேர்க்கைக் கட்டணம் கட்ட வீட்டில் பணமில்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கல்லூரியில் நிறுத்தி வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்து, பறக்கும் ஆசை அவருக்கு வளர்ந்தது.

படிப்பு முடிந்ததும் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவு. மற்றொன்று டேராடூனில் விமானப்படைத் தேர்வு. மனம் விமானப்படையில் இருந்தாலும் டெல்லி நேர்முகத்தை அவர் தவறவிடவில்லை. டேராடூனில் 25 பேரில் 8 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கலாம் வந்தது ஒன்பதாவது இடம்.

மனம் உடைந்துபோய் அவர் ரிஷிகேஷ் சென்றார். அங்கே சுவாமி சிவானந்தர் அவருக்கு ஆறுதல் சொல்லித் தேற்றினார். பிறகு டெல்லி திரும்பியபோது வேலை உத்தரவு கிடைத்தது. 1958இல் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் சேர்த்தபோது, அத்திட்டத்தின் இயக்குநர் அவர்தான். 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக, தம் 74ஆம் வயதில் புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார்.

எல்லோரும் கலாம் ஆகிவிட முடியாது. அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் எல்லோரும் செய்யலாம். முதல் வாசலைத் தட்டும்போதே இரண்டாவது வாசலையும் அவர் தட்டி வைத்திருந்தார்.

இரண்டாவது வாசல்கள்

வானத்தோடு சேர்ந்த வேலைகள் விமானியோடு முடிவதில்லை. விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்புக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் உள்ளன. விமானிப் பயிற்சியோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிகக் குறைவு. இயற்பியல், கணிதத்துடன் பி.எஸ்.ஸி. முடித்தவர்களும் பொறியியல் பட்டதாரிகளும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் தேர்வு எழுதி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஆகலாம். கலாம் படித்த அதே எம்.ஐ.டி. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளது; விமானப் பொறியியல் அங்கே இருக்கிறது. பறக்க வேண்டும், கையில் பணமில்லை என்பவர்கள் என்.டி.ஏ. தேர்வு எழுதி விமானப்படைக்கு முயலலாம். அதற்கான பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. போட்டிதான் கடுமை.

பெற்றோர் கவனத்திற்கு

முதலாவது, எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் பணம் கட்டும் முன் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் உடல் தகுதிப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணாடி அணிவது மட்டுமே தடையாகாது; ஆனால் நிறம் பிரித்தறிவதில் குறை, இதயக் கோளாறு போன்றவை தடையாகலாம். லட்சங்களைக் கட்டிய பிறகு இது தெரியவந்தால் யாரை நோவது?

இரண்டாவது, கெடு வையுங்கள். இத்தனை முறை தேர்வு, இத்தனை ஆண்டு, இவ்வளவு பணம் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். அந்தக் காலத்தில் ஒரு பட்டப்படிப்பும் கூடவே நடக்கட்டும். மற்ற பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் வைத்திருப்பதில் கைவைக்காதீர்கள்.

மூன்றாவது, கனவை விட்ட பிள்ளையைக் குத்திக் காட்டாதீர்கள். "அப்பவே சொன்னேனே" என்ற ஒரு சொல் போதும், அவன் அடுத்த முயற்சிக்கே அஞ்சுவான். சில மாதம் அவன் சோர்ந்திருப்பது இயல்பு. உறவினர் கூடும் இடத்தில் "பைலட் சாப்" என்று கேலி செய்வதையும் தடுங்கள். சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் வாரக்கணக்கில் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

மகள் இந்த ஆசையைச் சொன்னாலும் கணக்கு இதேதான். பெண் என்பதற்காகச் சட்டத்தில் தடையில்லை.

பிள்ளைகளே, முயற்சி உங்களுடையது, முடிவு அல்லாஹ்வின் கையில். முழு மூச்சாக முயன்று, கெடு முடிந்ததும் அடுத்த வேலையைத் தொடங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் உழைப்பு வீண் போகாது, இன்ஷா அல்லாஹ்.