அந்தக் கிணற்றில் இருந்தது எந்த வௌவால்?

2018 மே மாதம். கேரளாவின் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் ஒரு குடும்பத்தில் நிபா வைரஸால் அடுத்தடுத்துச் சாவு விழுந்திருந்தது. அவர்களுக்குச் சொந்தமான கிணற்றில் வலை இறக்கி வௌவால்களைப் பிடித்தார்கள். மாதிரிகள் போபாலில் உள்ள விலங்குநோய் ஆய்வகத்துக்குப் போயின. முடிவு நெகட்டிவ். "நிபாவுக்கு வௌவால் காரணமில்லை" என்று அன்று மாலையே செய்தி ஓடியது.

கோவையில் என் பெரியம்மா அதற்கு முந்தைய வாரம்தான், வௌவால் கடித்திருக்குமோ என்று பயந்து, வீட்டிலிருந்த கொய்யாவையெல்லாம் குப்பையில் கொட்டியிருந்தார். இந்தச் செய்தியைப் பார்த்ததும் போன் செய்தார். "வவ்வால் இல்லியாமா கண்ணு, அப்பக் கோழிதான்!" கோழியில் நிபா இருப்பதாக, அரசுக் கடிதம் போலவே முத்திரையெல்லாம் வைத்த ஒரு போலிக் கடிதமும் அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. பல்லடத்துக் கறிக்கோழி கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகும் ஊர்ப்பக்கம் எங்களுடையது. அப்படி ஒரு கடிதம் யார் வயிற்றில் அடிக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆய்வக முடிவில் தவறே இல்லை. செய்தியில் ஒரு சொல் விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். கிணற்றில் பிடிபட்டவை பூச்சி தின்னும் வௌவால்கள். நிபா கிருமி காலங்காலமாகக் குடியிருப்பது பழந்தின்னி வௌவால்களிடம். வேறு ஆளைப் பிடித்து விசாரித்துவிட்டு, குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு எழுதிய கதை. அடுத்துப் பிடித்த சில பழந்தின்னிகளிலும் முதலில் கிருமி தெரியவில்லை. ஏனென்றால் கிருமி இருக்கும் வௌவாலும் எல்லா நாளும் அதை எச்சிலிலோ சிறுநீரிலோ வெளியேற்றுவதில்லை. பிறகு அந்தப் பகுதியில் பிடித்த 52 பழந்தின்னிகளைப் புனே வைரஸ் ஆய்வுக்கூடம் சோதித்தபோது 10-ல் நிபா இருந்தது. முதல் செய்தி ஊரெல்லாம் போனது. இந்த 52-ல் 10 என்ற கணக்கை என் பெரியம்மா இன்றுவரை கேள்விப்பட்டதில்லை.

சாவுக் கணக்கையும் பாருங்கள். அன்றைய அதிகாரபூர்வக் கணக்கில் நோயாளிகள் 19, இறந்தவர்கள் 17. பின்னால் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் நோயாளிகள் 23, இறந்தவர்கள் 21. இரண்டையும் பக்கத்தில் வைத்து "நாலு சாவை மறைத்துவிட்டார்கள்" என்று எழுத ஐந்து நிமிடம் போதும். உண்மை அப்படியில்லை. மே 5-ஆம் தேதி அந்தக் கிணற்று வீட்டில் இறந்த முதல் இளைஞருக்கே பரிசோதனை நடக்கவில்லை. அப்போது நிபா என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? அதே வீட்டில் அடுத்தவர் படுத்தபோதுதான் மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்தது. மாதிரிகள் மணிப்பாலுக்கும் புனேவுக்கும் போய் நோய் உறுதியாகும்போது மே மூன்றாம் வாரம். அதற்குள் மாதிரி எடுக்காமலே சிலர் இறந்திருந்தார்கள். ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 18 பேர் என்பதை இரண்டு கணக்குமே ஒப்புக்கொள்கின்றன. முதல் இளைஞரை மட்டும் சேர்த்தால் 19. நோயாளிகளோடு பழகி, அதே அறிகுறிகளோடு இறந்த மற்றவர்களையும் சேர்த்தால் 23. யாரை எண்ணினார்கள், எதை வைத்து எண்ணினார்கள் என்று கேட்காமல் எண்ணை மட்டும் எடுத்துப் போடுவதில்தான் வில்லங்கம் தொடங்குகிறது.

"தொடர்பில் இருந்தவர்கள்" பட்டியல் இன்னொரு பொறி. அதில் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரே வார்டில் படுத்திருந்தவர், துணைக்கு வந்தவர், ரத்தம் எடுத்தவர் எல்லாரும் அதில் அடக்கம். அவர்கள் நோயாளிகள் இல்லை. ஆனால் தலைப்பில் அந்த எண்ணைப் போட்டால் படிப்பவர் என்ன நினைப்பார்?

அவசர முடிவால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கிருமியின் பிறப்புக் கதையே சாட்சி. 1998-ல் மலேசியாவில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முடிவுகட்டினார்கள். கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே சாய்ந்ததோ பெரிய ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். புது வைரஸ் என்று தெரியும்போது 1999 மார்ச். அதற்குள் பன்றிகளோடு நோயும் தெற்கே போய், சிங்கப்பூர் இறைச்சிக்கூடம் வரை எட்டிவிட்டது. மலேசியாவில் நூறு பேருக்கு மேல் பலி. 10 லட்சம் பன்றிகளை அழித்தார்கள்.

ஆபத்து நேரத்தில் சரிபார்த்துக்கொண்டிருந்தால் எச்சரிக்கை தாமதமாகும், கொஞ்சம் கூடுதலாகப் பயந்தால் தப்பில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. பயம் யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது? பேராம்பிராவில் நிபா நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனையின் செவிலியர்கள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார ஆளில்லை. ஆட்டோக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இறந்தவர்களைத் தகனம் செய்யவும் ஆள் முன்வரவில்லை என்று செய்தி வந்தது. அந்த முதல் இளைஞர் மலேசியா போய் நோயை வாங்கிவந்தார் என்று ஒரு கதை கிளம்பியது. அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தபோது, போய்வந்தது வளைகுடாவுக்கு. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடு அது. அந்த வீட்டுக்காரர்கள் இந்தக் கதைக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"சந்தேகம்" என்ற சொல் மாநிலம் மாநிலமாகப் போனது. கர்நாடகத்தில் சந்தேகம், ஹைதராபாத்தில் சந்தேகம், கோவாவில் சந்தேகம். எல்லாமே நெகட்டிவ். ஹிமாசலப் பிரதேசத்தில் ஒரு பள்ளி வளாகத்தில் வௌவால்கள் செத்துக் கிடந்தன என்று ஊரே நடுங்கியது. வெயில் காலத்தில் அங்கே அது வழக்கம்தான் என்றார்கள் பள்ளிக்காரர்கள். பரிசோதனையிலும் நிபா இல்லை.

அந்த மே, ஜூன் மாதங்களில் நான் வெட்டி வைத்த நாளிதழ்த் துணுக்குகள் ஒரு கோப்பில் இருக்கின்றன. இந்தக் கட்டுரைக்காகத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். "நிபா அறிகுறியுடன் அனுமதி" என்று வந்த ஒவ்வொன்றுக்கும் முடிவு என்ன ஆனது என்று அடுத்தடுத்த நாள் இதழ்களில் தேடினேன். சிலவற்றுக்கு மூன்று வரி கிடைத்தது. பலவற்றுக்கு அதுவும் இல்லை. ஊர்ப்பெயர், வயது, தெருப்பெயர் வரை போட்டு அச்சான அந்த ஆட்கள், இன்னும் அதே தாளில் நோயாளிகளாகவே இருக்கிறார்கள்.