ஒலிப் பலகை மௌனமானால் தூக்கி எறியலாமா? மின்சாரத்தை முதலில் சோதிக்க வேண்டும்

சாந்திபுரம்: பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக மாணவர்கள் உருவாக்கும் பேசும் மாதிரிகளில் பயன்படும் சிறிய ஒலிப் பலகைகள், கடைசி நேரத்தில் மௌனமாகிவிடுவது வழக்கமான சிக்கலாக உள்ளது. பலகை பழுதாகிவிட்டது என்று கருதிப் புதியது வாங்க முற்படுவோர் பலர். ஆனால், குறை பெரும்பாலும் பலகைக்கு வெளியே, மின் விநியோகத்திலும் கம்பி இணைப்பிலும்தான் இருக்கிறது.

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள சாந்திபுரம், குப்பம் வட்டாரம் செய்முறை அறிவியல் கல்விக்கு அறிமுகமான பகுதியாகும். 1999-ல் தொடங்கப்பட்ட அகஸ்தியா அறக்கட்டளையின் 172 ஏக்கர் வளாகம் குப்பம் அருகே அமைந்துள்ளது. நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் 5 ஆண்டுகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய கருவிகளைக் கையாளும் மாணவர்களின் எண்ணிக்கை இனி மேலும் உயரும்.

அளவிட வேண்டிய நேரம் எது?

மாணவர்களிடையே பரவலாக உள்ள டிஎஃப்பிளேயர் மினி பலகை 3.2 முதல் 5 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தில் இயங்கும். அதிலுள்ள ஒலிப்பெருக்கிச் சுற்று 3 வாட் வரை திறன் கொண்டது. 5 வோல்ட்டில் 3 வாட் என்றால், குறைந்தது 0.6 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. ஆர்டுயினோ யூனோவின் 3.3 வோல்ட் முனை அளிக்கக்கூடியதோ 50 மில்லி ஆம்பியர் மட்டுமே.

மூன்று பழைய பென்சில் பேட்டரிகளில் ஒவ்வொன்றும் 1.1 வோல்ட் தருவதாகக் கொண்டால், மொத்தம் 3.3 வோல்ட். பலகைக்கு இது போதும் என்றே தோன்றும். ஆனால், தளர்ந்த பிரெட்போர்டு துளைகளிலும் மெல்லிய கம்பிகளிலும் 1 ஓம் மின்தடை இருந்து, 0.5 ஆம்பியர் பாய்ந்தால், வழியிலேயே 0.5 வோல்ட் குறைந்துவிடும். பலகைக்குக் கிடைப்பது 2.8 வோல்ட் மட்டுமே. முதல் சொல்லோடு நின்று, மீண்டும் தொடக்கத்திலிருந்து ஒலிப்பது இதன் அறிகுறி.

எனவே, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, ஒலி எழும் வேளையில், பலகையின் மின் முனைகளிலேயே அளவிட வேண்டும். ஒலி இல்லாதபோது பேட்டரியில் எடுக்கும் அளவு உண்மை நிலையைக் காட்டாது. மின் முனைகளுக்கு அருகே 470 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றை முனை மாறாமல் இணைத்தால், திடீர் மின்னழுத்தச் சரிவு குறையும்.

அடுத்து கவனிக்க வேண்டியவை

ஆர்டுயினோவுக்கும் ஒலிப் பலகைக்கும் தனித்தனி மின்சாரம் அளித்தாலும், இரண்டின் கிரவுண்ட் முனைகளும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இல்லையெனில், கட்டளைகள் பலகைக்குச் சரியாகப் போய்ச் சேராது.

ஸ்பீக்கரின் இரு கம்பிகளும் அதற்குரிய இரு முனைகளில் மட்டுமே சேர வேண்டும். அவற்றில் ஒன்றைக் கிரவுண்டில் இணைத்தால் ஒலிப்பெருக்கிச் சுற்று சேதமடையக்கூடும். ஆர்டுயினோவிலிருந்து வரும் தகவல் கம்பியில் 1 கிலோ ஓம் மின்தடையைச் சேர்த்தால் இரைச்சல் குறையும். மின் அளவு சரியாக இருந்தும் ஒலி வராவிட்டால், மெமரி கார்டைச் சோதிக்கலாம். அது 32 ஜிபிக்கு மிகாமல், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

பாதுகாப்பு அவசியம்

கம்பிகளை மாற்றும் முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். லித்தியம் பேட்டரியின் இரு முனைகளும் நேரடியாக உரசினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. உப்பிய பேட்டரியை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. வீட்டு மின்சாரம் தேவைப்பட்டால், பிஐஎஸ் பதிவு முத்திரை கொண்ட 5 வோல்ட் அடாப்டரையே பயன்படுத்த வேண்டும்.

இணையவழியில் வாங்கும் புதிய பலகை வந்து சேரச் சில நாட்கள் ஆகலாம். கண்காட்சித் தேதி அதுவரை காத்திருக்காது. பழைய கம்பிகளும் தேய்ந்த பேட்டரிகளும் மாறாதவரை, புதிய பலகையும் அதே இடத்தில் மௌனமாகிவிடும். மின்சாரம், கிரவுண்ட், ஸ்பீக்கர், தகவல் கம்பி, மெமரி கார்டு என்ற வரிசையில் சோதித்த பிறகே பலகையை மாற்றுவது குறித்து முடிவெடுக்க வேண்டும்.