500 ரூபாய்க்கு ஒரிஜினல் விண்டோஸ்... வாங்கலாமா?

கடையில பல ஆயிரம் சொல்ற விண்டோஸ், ஆன்லைன்ல 500 ரூபாய்க்குக் கிடைக்குதேனு கை துறுதுறுக்குதா? அந்தக் கீ வேலை செய்யுமானு கேட்டா, பெரும்பாலும் செய்யும்... அன்னிக்கு! நீங்க விற்கிறவர்கிட்ட கேட்கவேண்டியது, ‘இது எந்த வகை லைசென்ஸ்?’ என்பதைத்தான்.

ரீடெய்ல் என்றால் விலை அதிகம். ஆனால், பழைய கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டுப் புதுசுக்கு மாத்திக்கலாம். ஓ.இ.எம் லைசென்ஸ், கம்ப்யூட்டர் தயாரிக்கிறவங்களுக்கானது. மதர்போர்டோடு முடிச்சுப் போட்டிருப்பாங்க. போர்டு போச்சுன்னா லைசென்ஸும் போச்சு.

வில்லங்கமே மூணாவது வகையான வால்யூம் லைசென்ஸ்தான். ஒரு நிறுவனம் தன்னோட கம்ப்யூட்டர்களுக்காக மொத்தமா வாங்குறது இது. அதைத் தனியாளுக்கு விற்க யாருக்கும் உரிமை இல்லை. இதில் ஒரு முறையில், ஆக்டிவேஷன் 180 நாள்தான் செல்லும்; நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுத் தொட்டுப் புதுப்பிக்கணும். உங்க வீட்டில் ஏது அந்த சர்வர்? ஆறு மாசம் கழிச்சு ‘ஆக்டிவேட் விண்டோஸ்’னு திரை மூலையில வந்து நிற்கும். அப்போ விற்றவர் போனை எடுப்பாரா என்ன?

மாணவரா? முதல்ல கல்லூரியில விசாரிங்க. அங்கே தருவது பெரும்பாலும் அப்கிரேடு லைசென்ஸ். ஏற்கெனவே முறையான விண்டோஸ் இருந்தால்தான் செல்லும்.

இன்ஸ்டால் பண்ணும் ஃபைலை விற்கிறவர் அனுப்பும் லிங்க்கில் எடுக்காதீங்க. மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசம். 8 ஜிபி பென்டிரைவ் போதும். ‘என்னிடம் கீ இல்லை’ எனக் கொடுத்து இன்ஸ்டால் செய்து, எல்லாம் ஓடுதானு பார்த்துட்டு, பிறகு காசைக் கொடுங்க. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0 வேணும், பழைய கம்ப்யூட்டர்ல அது இருக்கானு அதுக்கும் முன்னாடியே பார்த்துடுங்க.