பணம் இருந்தது, ஆள் இருந்தது, டச் ஸ்கிரீனும் இருந்தது: நோக்கியாவை வீழ்த்தியது எது?

உங்கள் முதல் செல்போன் என்ன பிராண்ட்? முப்பது வயதைத் தாண்டியவர் என்றால், பதில் பெரும்பாலும் நோக்கியாவாகத்தான் இருக்கும். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பே நோக்கியா போனில்தான் நடந்தது. 1995 ஜூலை 31 அன்று, கொல்கத்தாவில் இருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். 2003-ல் டார்ச் லைட்டோடு வந்த நோக்கியா 1100, உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்றுத் தீர்ந்தது.

2007-ல் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் ஏறக்குறைய பாதி நோக்கியாவுடையது. ஆறே ஆண்டுகளில், 2013-ல், அந்தப் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் தன் செல்போன் பிரிவையே சுமார் 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்டிடம் விற்க ஒப்புக்கொண்டது நோக்கியா.

"ஐபோன் வந்துச்சு, நோக்கியா போச்சு" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடலாம். ஆனால் எண்களைப் பார்த்தால் அது அவ்வளவு எளிதாக முடிகிற கதையில்லை.

நோக்கியாவிடம் என்ன இல்லை?

முதலில் தொழில்நுட்பம். ஐபோன் அறிமுகமானது 2007 ஜனவரியில். நோக்கியாவின் 7710 என்ற டச் ஸ்கிரீன் போன் அறிவிக்கப்பட்டது 2004-ல். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியே!

அடுத்தது பணம். 2010-ல் ஆராய்ச்சி, மேம்பாட்டுக்காக நோக்கியா குழுமம் செலவு செய்தது சுமார் 586 கோடி யூரோ. அதே நிதியாண்டில் ஆப்பிள் செலவு செய்தது சுமார் 178 கோடி டாலர். நோக்கியாவின் கணக்கில் டவர், நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் பிரிவின் செலவும் அடக்கம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆப்பிளைவிட அதிகம்தான்.

ஆளுக்கும் பஞ்சமில்லை. உலகின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேலை செய்தார்கள்.

அப்போ எது இல்லை?

76 பேர் சொன்ன பதில்

இந்தக் கேள்வியைத்தான் இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோ வுவோரி. இன்னொருவர் இன்சியாட் மேலாண்மைக் கல்லூரியின் குய் ஹுய். நோக்கியாவின் உயர் நிர்வாகிகள், நடுத்தர மேலாளர்கள், பொறியாளர்கள், வெளி நிபுணர்கள் என 76 பேரிடம் பேசினார்கள். 2005 முதல் 2010 வரை நிறுவனத்துக்குள் நடந்ததைத் தொகுத்த அந்த ஆய்வு 2016-ல் இதழில் வெளியானது.

ஆய்வின் மையச் சொல் ஒன்றே ஒன்று: பயம். ஆனால் எல்லோருக்கும் ஒரே பயம் இல்லை.

மேலே இருந்தவர்களுக்கு வெளியே பயம். போட்டி நிறுவனங்கள், முதலீட்டாளர்கள், காலாண்டு முடிவுகள். "நம்ம சிம்பியன் மென்பொருள் ஆப்பிள் அளவுக்கு இல்லை" என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டால், பங்குதாரர்களும் சப்ளையர்களும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தார்கள்.

நடுவில் இருந்தவர்களுக்கோ மேலே பார்த்தால் பயம். கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கத்தும் மேலதிகாரிகள் இருந்தார்கள். "முடியாது" என்று சொன்னால் பதவி போகும், பெயர் கெடும் என்ற எண்ணம் பரவியிருந்தது.

இரண்டு பயமும் சேர்ந்தபோது என்ன ஆனது? மேலே இருந்து "சீக்கிரம் வேணும்" என்று அழுத்தம் வந்தது. கீழே இருந்து "முடிச்சிடலாம்" என்று பதில் போனது. முடியாது என்பது பதில் சொன்னவருக்கே தெரியும். அந்தப் பதிலை நம்பி மேலிடம் திட்டம் போட்டது. புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குப் போக வேண்டிய ஆளும் நேரமும் அடுத்த காலாண்டில் விற்க வேண்டிய புதுப்புது மாடல்களுக்குப் போனது.

இதில் யாரும் பெரிய பொய் எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் கெட்ட செய்தியைக் கொஞ்சம் மென்மையாக்கினார்கள். ஐந்து படி ஏறி உச்சிக்குப் போகும்போது அது நல்ல செய்தியாகவே மாறியிருந்தது.

டெக் நிறுவனத்தில் இது ஏன் இன்னும் ஆபத்து?

பாதி கட்டிய பாலத்தைப் பார்த்தால் பாதிதான் கட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியும். பாதி எழுதிய மென்பொருளை அப்படிப் பார்க்க முடியாது. "80 சதவீதம் முடிஞ்சது" என்று ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் போட்டால், அதைச் சரிபார்க்கக்கூடியவர் அந்தக் கோடை எழுதியவர் மட்டும்தான்.

அதாவது, டெக் நிறுவனத்தில் உண்மை இருப்பது அடிமட்டத்தில். முடிவெடுக்கும் அதிகாரம் இருப்பது உச்சியில். நடுவில் உள்ள குழாய் அடைத்துக்கொண்டால், உச்சியில் எவ்வளவு புத்திசாலி இருந்தாலும் பயனில்லை. ஐடி வட்டாரத்தில் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுக்கு "தர்பூசணி" என்றே பெயர் உண்டு. வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு.

நிறுவனக் கலாசாரம் என்றதும் பலருக்கு இலவச சாப்பாடு, டேபிள் டென்னிஸ், வெள்ளிக்கிழமை டி-ஷர்ட் எல்லாம் நினைவுக்கு வரும். அதெல்லாம் வசதி. கெட்ட செய்தி கொண்டு வருபவருக்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதுதான் கலாசாரம்.

தவறு அதிகம் பதிவான டீம்தான் நல்ல டீமா?

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு செய்தார். நன்றாக வேலை செய்யும் குழுக்களில் மருந்து தொடர்பான தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். தரவு நேர்மாறாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன.

தோண்டிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. நல்ல குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை. செய்த தவறை வெளியே சொன்னார்கள். மற்ற குழுக்கள் மறைத்தன. தவறைச் சொன்னால் அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற இந்த நம்பிக்கைக்கு "உளவியல் பாதுகாப்பு" என்று பெயர்.

கூகுள் 2012-ல் தொடங்கிய ஓர் ஆய்வில் தன் 180 குழுக்களை அலசியது. எந்தக் குழு ஏன் ஜெயிக்கிறது என்பதுதான் கேள்வி. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதே முக்கியம் என்று தெரிந்தது. முதலிடத்தில் வந்த காரணி, அதே உளவியல் பாதுகாப்பு.

வாங்கிய மைக்ரோசாஃப்டில் என்ன நடந்தது?

நோக்கியாவின் போன் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்டுக்கும் அதே போன்ற நோய் இருந்தது. வடிவம்தான் வேறு. அங்கே "ஸ்டேக் ரேங்கிங்" என்ற மதிப்பீட்டு முறை. நம்ம ஊர் ஐடி ஊழியர்கள் "பெல் கர்வ்" என்று சொல்வார்களே, அதன் உறவுக்காரன். டீமில் எல்லோரும் நன்றாக வேலை செய்திருந்தாலும், சிலரை "சுமார்" என்று குறித்தே ஆக வேண்டும். விளைவு, பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவினால் நமக்கு நஷ்டம்.

2013 நவம்பரில் அந்த முறையை மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. 2014 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெல்லா சிஇஓ ஆனார். சக ஊழியரின் வேலையை எப்படிப் பயன்படுத்தினீர்கள், அடுத்தவர் வெற்றிக்கு என்ன செய்தீர்கள் என்பதும் மதிப்பீட்டில் முக்கியமானது. எதிரியாகப் பார்த்த லினக்ஸோடு கைகோத்தார்கள். ஆப்பிளின் ஐபேடுக்கு ஆஃபீஸ் மென்பொருளைக் கொடுத்தார்கள். நோக்கியாவை வாங்கிய வகையில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு, அந்த முடிவு பலிக்கவில்லை என்பதை 2015-ல் கணக்குப் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். நாதெல்லா பொறுப்பேற்றபோது சுமார் 30,000 கோடி டாலராக இருந்த சந்தை மதிப்பு, 2024 ஜனவரியில் 3 லட்சம் கோடி டாலரைத் தொட்டது.

எல்லாவற்றுக்கும் கலாசாரம்தான் காரணமா?

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்வது நல்லது. ஜெயித்த நிறுவனத்தைப் பார்த்து "கலாசாரம் அருமை" என்பதும், தோற்றதைப் பார்த்து "கலாசாரம் மோசம்" என்பதும் எளிது. மேட்ச் முடிந்த பிறகு கேப்டனைப் பற்றி எல்லோரும் பேசுவது மாதிரி.

மைக்ரோசாஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேக் ரேங்கிங் இருந்த ஸ்டீவ் பால்மர் காலத்தில்தான் அதன் வருவாய் மூன்று மடங்குக்கும் மேல் ஆனது. 2000-ல் சுமார் 2,300 கோடி டாலர், 2013-ல் சுமார் 7,800 கோடி டாலர். விண்டோஸ், ஆஃபீஸ் என்ற இரண்டு பொன் முட்டை வாத்துகள் இருந்ததால் நோய் வெளியே தெரியவில்லை. நாதெல்லாவுக்கு கிளவுட் அலையும் கைகொடுத்தது. நோக்கியா பக்கம் பார்த்தால், கூகுள் ஆண்ட்ராய்டை இலவசமாகக் கொடுத்தது பெரிய அடி. பிளாக்பெர்ரியும் அதே காலத்தில்தான் விழுந்தது.

எனவே கலாசாரம் மட்டுமே ஜெயிக்க வைக்கும் என்று சொல்ல முடியாது. சந்தை அமைதியாக இருக்கும்போது மோசமான கலாசாரத்தோடும் லாபம் பார்க்கலாம். சந்தை சட்டென்று திரும்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். அப்போது உண்மை சீக்கிரம் மேலே போகும் நிறுவனம் திரும்பிக்கொள்கிறது. மற்றது நேராகப் போய் மோதுகிறது.

நோக்கியாவே இதற்குச் சாட்சி. 2012-ல் தலைவரான ரிஸ்டோ சீலாஸ்மா, கெட்ட செய்தி வருவது நல்லது, எதுவுமே வராமல் இருப்பதுதான் கெட்டது என்ற கொள்கையை இயக்குநர் குழுவுக்கு வைத்தார். போன் பிரிவை விற்றது. நெட்வொர்க் கூட்டு நிறுவனத்தில் சீமென்ஸின் பங்கை வாங்கியது. 2016-ல் அல்காடெல்-லூசென்டை இணைத்தது. நெட்வொர்க் நிறுவனமாக நோக்கியா இன்றும் உயிரோடு இருக்கிறது.

யார் விலை கொடுத்தது?

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலையில் உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். வரி வழக்கு காரணமாக அந்த ஆலை மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. மூடியதற்கு நேரடிக் காரணம் வரிப் பிரச்னையும் ஆர்டர் நின்றதும்தான். ஆனால் போன் விற்றுக்கொண்டிருந்தால், அந்த ஆலையை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வந்திருக்காது. 2019-ல் அந்த இடத்தை வாங்குவதாக அறிவிக்கப்பட்ட நிறுவனம் சால்காம்ப். ஆப்பிளுக்கு சார்ஜர் செய்து கொடுப்பவர்கள்.

எங்கோ ஒரு மீட்டிங் அறையில் "முடியாது" என்று சொல்லத் தயங்கியவரும், இங்கே வேலை இழந்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது.

உங்கள் அலுவலகத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தியாவில் ஐடி துறையில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ அதில் இருக்கலாம். வேலைக்குச் சேரும்முன், அல்லது இப்போதே, இந்த நான்கைக் கவனியுங்கள்.

1. கடைசியாகத் தள்ளிப்போன புராஜெக்ட் எது, அது தள்ளிப்போகும் என்று முதலில் சொன்னது யார் என்று நேர்காணலில் கேளுங்கள். பதிலில் ஒரு ஜூனியரின் பங்கு வந்தால் நல்ல அறிகுறி.

2. ரிவ்யூ மீட்டிங்கில் எல்லாமே எப்போதும் பச்சையாக இருக்கிறதா? அப்படியென்றால் சந்தேகப்படுங்கள்.

3. ஒரு சிக்கல் வந்தால் முதல் கேள்வி "யார் செஞ்சது?" என்று வருகிறதா, "எப்படி நடந்தது?" என்று வருகிறதா?

4. சக ஊழியருக்கு உதவியது உங்கள் அப்ரைசலில் எங்காவது கணக்கில் வருகிறதா?

நீங்களே டீம் லீடர் என்றால் கேள்வி ஒன்றுதான். கடந்த ஒரு மாதத்தில் உங்களிடம் யாராவது வந்து "சார், இது நடக்காது" என்று சொன்னார்களா? யாரும் சொல்லவில்லை என்றால், எல்லாம் நன்றாகப் போகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.